காருக்குள் ஏறிய சைக்கிள்



போன பதிவில் பக்கிங்ஹாம் கால்வாயில் உப்புப் படகு போன கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு போன் செய்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. இந்த முறை சைக்கிள். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு சைக்கிளைச் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் எப்படி ஏற்றினார்கள் என்ற சரித்திரம். "சாருக்கு ரிட்டயர்ட் ஆனதும் வேற வேலை இல்ல" என்று சிரிக்காதீர்கள். இதற்குள் சூயஸ் கால்வாய் இருக்கிறது, உலக யுத்தம் இருக்கிறது, நம் வண்டலூரும் அம்பத்தூரும் இருக்கின்றன.

இதை எழுதக் காரணம் என் பேத்தி. சில மாதங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன் (பையன் என்ன பையன், நாற்பது வயது ஆகிறது) சென்னையிலிருந்து என்னைப் பார்க்க வந்தான். கூரை திறக்கிற, இரண்டே சீட்டு உள்ள கார். பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. ஒரு சைக்கிள் உட்கார்ந்திருந்தது. கழற்றி மாட்டி, பத்து நிமிஷத்தில் அதை ஓட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்வந்தான். பேத்தி என் பழைய 28 இஞ்ச் சைக்கிளைக் காட்டி, "தாத்தா, உங்க சைக்கிள் ஏன் இந்த மாதிரி ஆகாது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஒரு விஷயம். சைக்கிளைக் காருக்குள் ஏற்றுகிறோமே, அந்தக் காரே சைக்கிள் பட்டறையில் பிறந்ததுதான். இன்று நாம் பார்க்கும் சைக்கிளின் உருவம், அதாவது ஒரே அளவு இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின் என்ற அமைப்பு, 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி ஊரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்த 'ரோவர்' சைக்கிளில் நிலைபெற்றது. பிற்பாடு அதே ரோவர் கம்பெனி கார் செய்தது. லேண்ட் ரோவர் என்று ஜீப் மாதிரி வண்டி வந்ததே, அந்த வம்சம்தான். 2008இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை நம்ம டாடா வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். இன்னொரு கம்பெனி டிரையம்ஃப். அதுவும் சைக்கிள் விற்று ஆரம்பித்து, மோட்டார் சைக்கிளுக்குப் போய், பிறகு கார் செய்தது. எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். அதற்குப் பெயர் கொடுத்த வில்லியம் மோரிஸ், ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் ரிப்பேர் செய்து பிழைத்தவர். இங்கிலாந்தின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வாங்கியவற்றில் டிரையம்ஃபும் எம்.ஜி.யும் முன்வரிசை. ஆக, தாய் மகன் வீட்டுக்குக் குடிபோன கதை இது. மகன் வீட்டில் இடம் போதவில்லை, அதுதான் சிக்கல்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போடுவோம். கணக்கு வகுப்பு எடுத்தவன் நான், விடமாட்டேன். நம் ஊர் ரோட்ஸ்டர் சைக்கிள் நீளம் சுமார் ஆறு அடி. உயரம் ஹேண்டில்பார் வரை மூன்றரை அடி. ஹேண்டில்பார் அகலம் கிட்டத்தட்ட இரண்டு அடி. இதில் பிடிவாதமான பகுதி சக்கரம். ஹேண்டில்பாரைத் திருப்பிவிடலாம், சீட்டை இறக்கிவிடலாம், பெடலைக் கழற்றிவிடலாம். ஆனால் 28 இஞ்ச் சக்கரத்தை என்ன செய்ய முடியும்? வட்டத்தை மடக்க முடியாது. இரண்டு சீட்டு காரில் பின்சீட்டே கிடையாது. டிக்கி, ஒரு சூட்கேஸும் ஒரு துணிப்பையும் வைக்கிற அளவு.

இந்தச் சிக்கலுக்கு உலகம் மூன்று வழி கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கழற்றுவது, சட்டத்தை மடக்குவது, சக்கரத்தையே சின்னதாக்குவது.

கழற்றுவது பழைய வழி. ஆனால் நட்டு போட்ட சக்கரத்துக்கு ஸ்பேனர் வேண்டும், கையெல்லாம் கிரீஸ். இதை எளிதாக்கியவர் இத்தாலிக்காரரான டுல்லியோ கம்பாக்னோலோ. அவர் பந்தய சைக்கிள் வீரர். 1927இல் மலைக்கணவாயில் நடந்த ஒரு பந்தயத்தில் பனியில் விரல் மரத்துப்போய், சக்கரத்தின் நட்டைத் திருக முடியாமல் பின்தங்கினார் என்றும், அந்த ஆத்திரத்தில்தான் ஒரு நெம்புகோலைத் திருப்பினாலே சக்கரம் கழலும் அமைப்பை உருவாக்கினார் என்றும் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அமைப்பு நிஜம். இன்று காரில் சைக்கிள் ஏற்றுகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு சின்ன நெம்புகோலை நம்பித்தான் ஏற்றுகிறார்கள்.

மடக்குகிற வழி ராணுவத்திலிருந்து வந்தது. 1890களிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் ஜெரார் என்ற அதிகாரி, சிப்பாய் முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி மடங்கும் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது இரண்டாம் உலக யுத்தத்தில் வந்த ஒன்று. பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய்களுக்காக பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த மடக்கு சைக்கிள். சட்டத்தின் நடுவில் இரண்டு கீல், காது வைத்த இரண்டு நட்டு. தளர்த்தினால் புத்தகம் மாதிரி மடங்கும். விமானத்திலிருந்து போடும்போது ஹேண்டில்பாரும் சீட்டும் முதலில் தரையில் படும்படி தலைகீழாகப் போடுவார்கள். சக்கரம் நசுங்காமல் தப்பிக்கும். 60,000க்கு மேல் செய்தார்கள். 1944 ஜூன் 6இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைகளின் பழைய போட்டோக்களில், தோளில் சைக்கிளோடு சிப்பாய்கள் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கலாம்.

பி.எஸ்.ஏ. என்ற பெயரைப் படித்ததும் உங்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அதே பி.எஸ்.ஏ.தான். உங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர்., உங்கள் தங்கை ஓட்டிய லேடிபேர்டு, இவற்றின் பெயரில் இருக்கிற பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கிக் கம்பெனி. அதன் பழைய முத்திரையே குறுக்காக அடுக்கிய மூன்று துப்பாக்கிதான். அந்தப் பெயர் அம்பத்தூருக்கு எப்படி வந்தது? 1949இல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். அங்கே இங்கிலாந்தில் 1957இல் பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் வியாபாரத்தை ராலே வாங்கியது. 1960இல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கைக்குள் போனது. ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் ஒரே குடும்பப் பெயர்களாக ஆகிவிட்டன. பர்மிங்ஹாமில் பாராசூட் சைக்கிள் செய்த பெயர் இப்படித்தான் கூனிமேட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

இனி மூன்றாவது வழி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1956 ஜூலையில் எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். இங்கிலாந்தும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. கால்வாய் அடைபட்டது. எண்ணெய்க் கப்பல் வரவில்லை. அந்த டிசம்பரில் இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தார்கள். அடுத்த மே வரை நீடித்தது. (போன பதிவில் ஒரு கால்வாய், இந்தப் பதிவில் ஒரு கால்வாய். திட்டமிட்டுச் செய்யவில்லை.) காரில் போய்ப் பழகிய பணக்காரர்கள்கூட சைக்கிளைத் தேடினார்கள். அவர்களில் ஒருவர் அலெக்ஸ் மோல்டன்.

மோல்டன் குடும்பம் ரப்பர் குடும்பம். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டீஃபன் மோல்டன்தான் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த, கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்திய ரப்பரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில் 1848இல் ஆலை வைத்தவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் ரப்பர் ஆலைகளுக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து சரக்கு வந்தது. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்ச் சனம். மலேசியாவில் இருக்கும் நம் சொந்தங்கள் இதை நான் சொல்லி அறிய வேண்டியதில்லை. சைக்கிள் டயரின் சரித்திரத்தில் அவர்களுடைய பாட்டனார் கையும் இருக்கிறது; புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும்.

அலெக்ஸ் மோல்டன் இஞ்சினியர். அவருடைய நண்பர் அலெக் இஸ்ஸிகோனிஸ். அதே சூயஸ் நெருக்கடியால், குறைந்த பெட்ரோலில் ஓடும் குட்டிக் கார் ஒன்றைச் செய்யும் வேலை இஸ்ஸிகோனிஸிடம் வந்தது. 1959இல் வெளிவந்த மினி கார் அதுதான். பத்தடி நீளத்துக்குள் நாலு பேர் உட்கார வேண்டும். எப்படி முடிந்தது? இஞ்சினைக் குறுக்காக வைத்தார். சக்கரத்தை 10 இஞ்சுக்குக் குறைத்தார். சக்கரம் சின்னதானால் அதற்கு விடுகிற இடம் மிச்சம். அந்த இடம் மனிதனுக்கு. ஆனால் சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் இடுப்பு ஒடியுமே? அதற்கு மோல்டன் இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பர் கூம்பை ஸ்பிரிங்காக வைத்துக் கொடுத்தார். அந்த மினியின் வேகமான வகையான கூப்பர்தான் 1964இல் மாண்டி கார்லோ ரேலியை ஜெயித்தது.

மோல்டனுக்கு ஒரு கேள்வி எழுந்தது. காருக்குச் செய்ததைச் சைக்கிளுக்குச் செய்தால் என்ன? 1885இலிருந்து சைக்கிள் அதே உருவத்தில் நிற்கிறதே, அது உண்மையிலேயே சிறந்த உருவமா, அல்லது யாரும் கேட்காமல் விட்டதா?

சக்கரத்தை 16 இஞ்ச் ஆக்கினார். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 28 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு 22/7 போட்டால் 88 இஞ்ச். ஒரு கிலோமீட்டர் போக சுமார் 447 சுற்று. 16 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு தோராயமாக 50 இஞ்ச். அதே கிலோமீட்டருக்கு 780 சுற்றுக்கு மேல். அப்படியானால் சின்னச் சக்கரக்காரன் வேகமாக மிதித்துச் சாக வேண்டுமா? இல்லை. முன்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் கூடுதல் சுற்றுச் சுற்றும். கணக்கு சரியாகிவிடும். குழந்தை சைக்கிள் மெதுவாகப் போவது சக்கரம் சின்னது என்பதால் அல்ல, அதற்கு வைத்த பல்சக்கரத்தால். சின்னச் சக்கரம் எடை குறைவு, கிளம்பும்போது சுறுசுறுப்பு. காற்றை நன்றாக அழுத்தி அடித்தால் உருளுவதும் சுலபம். குலுங்கும் என்ற ஒரே குறைக்கு முன்னும் பின்னும் ரப்பர் ஸ்பிரிங் வைத்துவிட்டார்.

ராலே கம்பெனியிடம் கொண்டுபோனார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். தானே ஆலை வைத்தார். 1962 நவம்பரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சி அரங்கில் மோல்டன் சைக்கிள் வெளிவந்தது. கேலி செய்தவர்களுக்குப் பதிலாக, அடுத்த மாதமே ஜான் உட்பர்ன் என்ற வீரர் அதை ஓட்டி கார்டிஃப் முதல் லண்டன் வரையான நேரச் சாதனையை முறியடித்தார். இந்த சைக்கிளில் ஒரு வகைக்கு 'ஸ்டோஅவே' என்று பெயர். கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வருபவனை அப்படிச் சொல்வார்கள். நடுவில் இரண்டாகப் பிரியும், கார் டிக்கிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு பொருத்தம் கண்ணில் பட்டது. மோல்டன் சைக்கிள் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1962 அக்டோபரில், அதே ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் நடந்த மோட்டார் கண்காட்சியில் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டு சீட்டு, திறந்த கூரை, சுமார் 12 அடி நீளம். அது எதன்மேல் கட்டப்பட்டது தெரியுமா? டிரையம்ஃப் ஹெரால்டு காரின் சேஸிஸைக் குறுக்கி, அதன்மேல். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற ஒரே இத்தாலிக்காரர்.

ஹெரால்டை யாருக்குத் தெரியாது! ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 1961 முதல் நம் சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த கார்தானே அது. நான் சிறுவனாக இருந்தபோது டாக்டர், வக்கீல் வீட்டு வாசலில் நிற்கும். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாய் மாதிரி தூக்கிக்கொள்ளும். நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். பிற்பாடு நாலு கதவு வைத்த ஹெரால்டு வந்தது. அது இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்துக்காரன் அந்தச் சேஸிஸைக் குறுக்கி இரண்டு பேருக்கு ஸ்போர்ட்ஸ் கார் செய்தான். நம் ஆள் அதே வண்டிக்கு இன்னும் இரண்டு கதவு வைத்து, குடும்பத்தோடு திருப்பதி போனான்.

ஆக 1960களில் சென்னையைச் சுற்றி ஒரு பக்கம் வண்டலூரில் ஸ்பிட்ஃபயரின் அக்கா, இன்னொரு பக்கம் அம்பத்தூரில் பாராசூட் சைக்கிளின் தங்கை. இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் மடங்குகிற சைக்கிளோ சின்னச் சக்கரச் சைக்கிளோ நம் தெருவுக்கு வரவில்லை. ஏன்? பேத்தி கேட்ட கேள்வியும் இதுதான்.

அங்கே சைக்கிள், ஏற்றிக்கொண்டு போகப்பட வேண்டிய பொருளாக மாறியிருந்தது. இங்கே சைக்கிள்தான் மற்ற எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. நம் ஊரில் 1970களில் ஒரு சைக்கிள் கேரியரில் என்னென்ன ஏறியது என்று நினைத்துப் பாருங்கள். குப்பத்திலிருந்து மீன்கூடை, ஈரம் சொட்டச் சொட்ட. மரக்காணம் அளத்திலிருந்து உப்பு மூட்டை. சவுக்கு விறகுக் கட்டு, சைக்கிளைவிட நீளமாக. பிரசவ வலி எடுத்த பெண். கறவை மாட்டுக்குப் புல். முன் பாரில் பிள்ளை, பின் கேரியரில் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை. நடுவில் கீல் வைத்த ஒரு சட்டம் இதைத் தாங்குமா? மூலைக்கு மூலை முக்கோணமாகப் பற்றவைத்த குழாய்ச்சட்டமும், மேலே இரட்டைப் பாரும், தடித்த ஸ்போக்ஸும் இருந்ததால்தான் தாங்கியது. பள்ளமும் மணலுமான பாதையில் உருண்டு ஏறப் பெரிய சக்கரமும் வேண்டியிருந்தது.

சங்ககாலத்தில் உமணர் என்ற உப்பு வணிகர் மாட்டு வண்டியில் உப்பு ஏற்றி மேட்டுநிலம் போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்குக் கீழே மாற்று அச்சு ஒன்று கட்டிவைத்திருப்பார்கள். புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில் இது உவமையாக வருகிறது. அந்த வண்டியை யாரும் எடை குறைக்கச் சொல்லவில்லை, கூடுதல் அச்சை ஏற்றச் சொன்னார்கள். நம் ரோட்ஸ்டர் அந்த வண்டியின் வாரிசு, மோல்டனுடைய சைக்கிளின் உறவு அல்ல. வியட்நாமியர் 1954இல் தியென் பியென் ஃபூ போரில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தபோது, மலைப்பாதையில் இருநூறு கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு தள்ளிப்போனதும் மடங்காத சாதாரண சைக்கிளில்தான்.

இதைத்தான் பேத்திக்குச் சொன்னேன். "மாமாவோட சைக்கிளைக் கார் தூக்கிட்டுப் போகணும், அதனால அது கழலுது, மடங்குது. தாத்தா சைக்கிள் எல்லாரையும் தூக்கிட்டுப் போகணும், அதனால அது மடங்காது." அவள் உடனே, "அப்ப நான் எந்த சைக்கிள் வாங்குறது?" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள்!

ஒரே ஒரு சமயம் மட்டும் நம் சைக்கிளும் கழற்றி அடுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். தமிழக அரசு 2001-02இல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005-06இல் எல்லா மாணவ மாணவியருக்கும் என்று விரித்தது. பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்கு லாரி வரும். உள்ளே சட்டம் தனி, சக்கரம் தனி, ஹேண்டில்பார் கட்டுக்கட்டாக. ஒரு லாரிக்குள் இத்தனையா என்று வாயைப் பிளப்போம். மைதானத்து மரத்தடியில் மெக்கானிக்குகள் உட்கார்ந்து மாட்டிக்கொண்டே இருப்பார்கள். மாட்டி முடித்ததை வரிசையாக நிறுத்தினால், லாரிக்குள் அடங்கியது மைதானம் முழுக்க நிற்கும்.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த அளத்துத் தொழிலாளர் பெண்பிள்ளைகள் பலர் அதோடு நின்றுபோவார்கள். அப்பா அம்மாவைக் கேட்டால் படிப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "அவ்வளவு தூரம் எப்படி சார் அனுப்புறது?" என்பார்கள். பஸ் எப்போது வரும் என்று தெரியாது, அளத்தில் வேலை விடியுமுன் ஆரம்பிக்கும், கொண்டுபோய் விட ஆள் கிடையாது. சைக்கிள் வந்த பிறகு நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒன்றாகப் போனார்கள். கூட்டமாகப் போவதால் வீட்டிலும் பயம் குறைந்தது. அப்படிப் போன இரண்டு பேர் இன்று நர்ஸ், ஒருத்தி ஆசிரியை. இதைப் படித்துக்கொண்டும் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அந்த சைக்கிள் பிளஸ் டூவோடு ஓய்வு பெறவில்லை. அடுத்து தம்பிக்கு, பிறகு அப்பாவுக்கு. இன்றும் சில அளத்து வரப்பில் துருப்பிடித்து, ஆனால் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வெளிநாட்டுக் கதையையும் முடித்துவிடுகிறேன். மோல்டன் நன்றாக விற்றதைப் பார்த்த ராலே, 1965இல் தானும் ஒரு 16 இஞ்ச் சைக்கிளை இறக்கியது. ரப்பர் ஸ்பிரிங் கிடையாது, அதற்குப் பதில் தடித்த மெத்தை டயர். மிதித்தால் இழுக்காது. ஆனாலும் விளம்பர பலம் அவர்களுடையது. 1967இல் மோல்டன் தன் சைக்கிள் தொழிலை அதே ராலேயிடமே விற்க வேண்டியதாயிற்று. பிறகு 1970களில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற இளம் இஞ்சினியர், லண்டனில் பிராம்ப்டன் தேவாலயத்துக்கு எதிரே இருந்த தன் வீட்டிலேயே மாதிரி செய்து பார்த்து, மூன்று மடிப்பில் ஒரு பெரிய பை அளவுக்குச் சுருங்கும் சைக்கிளைக் கொண்டுவந்தார். தேவாலயத்தின் பெயரே சைக்கிளின் பெயர். அதற்கும் 16 இஞ்ச் சக்கரம்தான், பின்னால் ஒரு ரப்பர்க் கட்டை ஸ்பிரிங்தான். மோல்டன் போட்ட பாதை. மோல்டன் 2012 டிசம்பரில், 92 வயதில் காலமானார். பெட்ரோல் இல்லாதபோது காருக்கு மாற்றாக இருக்கட்டும் என்று தொடங்கிய யோசனை, கடைசியில் கார் டிக்கியில் எடுத்துப்போகிற பொருளாக ஆனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நம் பக்கம் இப்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 1990களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. அதற்கு முன் சென்னைக்காரர் புதுச்சேரி போகத் திண்டிவனம் வழி. இப்போது ஞாயிறு விடியற்காலை நம் ஊர் வழியாக இரண்டு சீட்டுக் கார்களும் விலை உயர்ந்த சைக்கிள்களும் பறக்கின்றன. அதே நேரத்தில்தான் அளத்துக்குப் போகிற நம் ஆட்களும் சாலை ஓரத்தில் மிதித்துக்கொண்டு போகிறார்கள். வெயிலுக்கு முன் உப்பு வார வேண்டும், அதனால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். எங்கள் காலத்தில் ராத்திரி விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ் பிடிக்கும். அந்தப் பயத்தில் டைனமோவோ டார்ச்சோ இருக்கும். இப்போது பல சைக்கிளில் பின்னால் சிவப்பு வில்லைகூட இல்லை. சென்னையிலிருந்து வரும் சைக்கிள்காரர் உடம்பெல்லாம் மினுமினுக்கும் பட்டை, முன்னும் பின்னும் விளக்கு; அவரைக் கார்க்காரர் அரை கிலோமீட்டருக்கு முன்பே பார்த்துவிடுகிறார். அளத்துக்காரரைக் கிட்டே வந்த பிறகுதான் பார்க்கிறார். ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒரு முழம் வாங்கினால் நாலு மட்கார்டுக்கு ஒட்டலாம். போன மாதம் நானும் மரக்காணத்தில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரும் சேர்ந்து முப்பது சைக்கிளுக்கு ஒட்டினோம். இன்னும் நிறைய இருக்கிறது. ஊருக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சுருள் வாங்கி வாருங்கள், ஒட்டுகிற வேலை என்னுடையது.

சைக்கிளைச் சின்னக் காரில் ஏற்றி வருகிறவர்களுக்கு, என் மாணவன் செய்துகாட்டியதையும் நான் மெக்கானிக்கிடம் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் கியரைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். செயின் தளர்ந்து, கழற்றவும் மாட்டவும் சுலபம். பெடலைக் கழற்றினால் இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மறக்காதீர்கள். வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும். டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரம் இல்லாதபோது பிரேக்கைப் பிடிக்கவே கூடாது, உள்ளே இருக்கும் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நடுவே ஒரு அட்டையைச் செருகிவையுங்கள். பக்கத்து சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பழைய போர்வையை விரித்து, செயின் இருக்கும் பக்கம் வெளியே பார்க்க, சட்டத்தை உட்காரவைத்து சீட் பெல்ட்டைப் போடுங்கள். கியர் கம்பிமேலும் ஹேண்ட் பிரேக்மேலும் எதுவும் சாயக்கூடாது. சக்கரங்களைத் தனித்தனி உறையில் போட்டால் ஸ்போக்ஸ் ஒன்றோடொன்று சிக்காது.

காருக்கு வெளியே பின்னால் கட்டி வருவது எனக்குப் பிடிக்காது. நம் கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. மகாபலிபுரத்திலிருந்து இங்கே வருவதற்குள் செயினிலும் கம்பியிலும் அது படிந்துவிடும். இரண்டே நாளில் காவி நிறம் தட்டும். உள்ளே வைத்து வந்தாலும், இங்கே ஓட்டியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் திரும்ப ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் குழாய் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குள் வந்தால் நல்ல தண்ணீர் வரும்.